கண்டதும் அறிந்ததும்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்னும் முதுமொழியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. சொத்துத் தகராற்றிலும் சம்பந்திச் சண்டையிலும் அதைத் தவறாமல் எடுத்துரைக்கிறோம். ஆனால், மருத்துவர் ஒரு படத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, “இதோ, உங்கள் பிள்ளையின் மூளையில் ஒரு புள்ளி தெரிகிறது” என்று சொல்லும் வேளையில் அம்முதுமொழி நம் நினைவுக்கு வருவதில்லை. மனிதன் பொய் சொல்லலாம். படம் பொய் சொல்லுமா என்றெண்ணி, நெஞ்சம் பதைக்க, அவருடைய அடுத்த சொல்லுக்காகக் காத்து நிற்கிறோம்.

அந்த அடுத்த சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. புள்ளியைக் காட்டியது கருவி. அது இன்னதென்று பெயர் சூட்டுபவன் மனிதன். காண்பதற்கும் பெயர் சூட்டுவதற்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில் எத்தனையோ குடும்பங்களின் நிம்மதியும், எத்தனையோ இளைஞர்களின் எதிர்காலமும் அடங்கிக் கிடக்கின்றன. தலைக்குள் இருப்பதைக் கண்டுவிட்டால் அதை அறிந்துவிட்டதாகுமா? கண்டவன்மீது விழும் கடமைதான் யாது? நம் தமிழகத்திலேயே, வேலூரில், இவ்வினாக்களுக்கு விடை தேட உதவும் வரலாறு ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன், மூடிய தலைக்குள் பார்க்கும் ஆற்றல் மனிதனுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

பாறைக்குள் பார்த்தல்

செஞ்சியை அடுத்த தளவானூருக்குச் சென்றவர்கள், அங்கே குன்றின் பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்த குடைவரைக் கோயிலைக் கண்டிருப்பர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வேலைப்பாடு அது. சமயம் எதுவாயினும் சரி, அதன்முன் நிற்பவர் உள்ளத்தில் ஒரு வியப்பு எழாமல் இராது. உளி படுமுன் அது வெறும் பாறை. உள்ளே விரிசல் ஓடுகிறதா, கல் ஒரே சீராக இருக்கிறதா என்பதெல்லாம் உளி சென்ற பிறகே சிற்பிக்குத் தெரியும். தெரிந்த பிறகோ, வெட்டிய கல்லை ஒட்டவைக்க இயலாது.

மூளை மருத்துவனின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது எலும்பு தெரிந்தது; எலும்புக்குள் பொதிந்திருக்கும் மென்மையான மூளை தெரியவில்லை. 1918-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்பவர், மூளையின் உள்ளறைகளில் உள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். 1927-இல் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ், கழுத்து நாளத்தில் ஒரு திரவத்தைச் செலுத்தி, மூளையின் இரத்தக் குழாய்களைப் படத்தில் வரவழைத்தார். இரண்டுமே பெரும் முன்னேற்றங்கள்தாம். ஆயினும் நோயாளி பட்ட பாடு கொஞ்சமன்று. காற்று செலுத்தப்பட்டவர்கள் தலைவலியாலும் வாந்தியாலும் துடித்தனர். இத்தனைக்கும், மூளை நேராகத் தெரிந்ததில்லை. அதன் அறைகளும் குழாய்களும் இடம் மாறியிருப்பதைக் கொண்டு, “இங்கே ஏதோ இருக்கிறது” என்று ஊகித்தார்கள்.

நம் நாட்டில் 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். இப்பெருமக்களும் அந்தக் காற்றுப் படத்தையும் குழாய்ப் படத்தையும் நம்பியே கத்தியை எடுக்க வேண்டியிருந்தது.

1971 அக்டோபர் முதல் நாள், லண்டனை அடுத்த விம்பிள்டனில் ஒரு பெண்மணியின் தலை புதுமையான ஒரு கருவிக்குள் வைக்கப்பட்டது. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் அமைத்த கருவி அது. எக்ஸ் கதிரைப் பல கோணங்களிலிருந்து தலையின் ஊடே செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளேயே தடைபட்டது என்பதை அளந்து, அந்த அளவுகளையெல்லாம் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார் அவர். கணிப்பொறி அவற்றைக் கணக்கிட்டு, தலையைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போன்ற ஒரு படத்தை உருவாக்கியது. 80-க்கு 80, ஆக 6,400 சதுரங்களால் ஆன கரடுமுரடான படம்தான். எனினும் மூளை முதன்முறையாக, கத்தி படாமல், கண்முன் வந்தது. இதற்கான கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதையே இன்று சி.டி. ஸ்கேன் என்கிறோம். உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் புலத்தில் நிறுத்தி, அவை எழுப்பும் குறிப்பலைகளைக் கொண்டு இன்னும் நுட்பமாகப் படம் வரையும் எம்.ஆர்.ஐ. முறை அதன் பின்னர் வந்தது.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். இவை புகைப்படங்கள் அல்ல. ஸ்கேன் படத்தில் கறுப்பாகவும் வெளுப்பாகவும் தெரிவது மூளையின் நிறமன்று. அளவுகளுக்குக் கணிப்பொறி கொடுத்த நிறம். கண்டோம் என்று நாம் சொல்லும்போதே ஒரு கணக்கைத்தான் கண்டிருக்கிறோம்.

வேலூரில் நடந்தது

1980-களில் சி.டி. ஸ்கேன் நம் நாட்டு நகரங்களில் பரவத் தொடங்கியதும் விந்தையான ஒரு காட்சி திரும்பத் திரும்பத் தென்பட்டது. திடகாத்திரமான ஒரு சிறுவனோ இளைஞனோ ஒரு நாள் வலிப்பு வந்து விழுவான். வேறு நோய்க்குறி ஏதும் இராது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையின் மேற்பரப்பை ஒட்டி, சிறு மோதிரம் போல, ஒரே ஒரு வளையம் ஒளிரும். மேலை நாட்டு நூல்களில் அவ்வளவாகக் காணப்படாத இக்காட்சி இந்திய நோயாளிகளிடம் மிகுதியாக இருந்தது.

அது என்ன? காசநோய் மலிந்த நாடு இது. மூளையில் காசநோய்க் கட்டி தோன்றுவதும் நம் மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்ததே. ஆகவே வளையத்துக்குக் “காசநோய்க் கட்டி” என்று பெயர் சூட்டப்பட்டது. அம்முடிவு மூடத்தனமானதன்று, அன்றைய அறிவுக்கு நியாயமானதே. நோயாளிக்குக் காசநோய் மருந்துகள் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் கொடுக்கப்பட்டன. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது வளையத்தைக் காணோம்! மருந்து வேலை செய்துவிட்டது, நாம் சொன்னது மெய்யாயிற்று என்று அனைவரும் அகமகிழ்ந்தனர்.

ஆயினும் சில மருத்துவர்களின் உள்ளத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. காசநோய் மருந்தே உண்ணாதவர்கள் சிலரிடமும் வளையம் தானாக மறைந்திருந்தது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இது இருக்குமோ?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் தீர விசாரிக்க முற்பட்டனர். நோயாளிகள் சிலருடைய மூளையிலிருந்து அந்தப் புள்ளியையே எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். உள்ளே இருந்தது காசநோய்க் கிருமியன்று. பன்றியின் உடலில் வளரும் நாடாப்புழுவின் இளம்பருவம் அது. மூளையில் தங்கியிருந்து செத்துக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு புழு. அதைச் சுற்றி மனித உடல் நடத்திய போராட்டத்தின் தழும்புதான் படத்தில் வளையமாக ஒளிர்ந்தது. புழு செத்துக் கரைந்ததும் வளையமும் மறைந்தது. காசநோய் மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1989-இல் இச்செய்தி லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அத்தனை காலமும் கருவி பொய்யுரைக்கவில்லை. வளையம் இருந்தது; அதைத் தெளிவாகவே காட்டிற்று. இல்லாத காசநோய்க்காக எத்தனையோ பிள்ளைகள் ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய வீரியமான மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்கினார்கள். அவர்களுடைய தாய்மார்கள், “குழந்தைக்கு மூளையில் டி.பி.” என்னும் சொல்லைச் சுமந்துகொண்டு இரவுகளைக் கழித்தார்கள். அந்தச் சுமையை ஏற்றி வைத்தது படமன்று, அதற்குச் சூட்டிய பெயர்.

வேலூர் மருத்துவர்கள் அத்துடன் நில்லாமல், அறுவையின்றியே இப்புழுக்கட்டியை இனங்காண்பதற்கு வரையறைகளையும் வகுத்தனர். அவற்றில் பாதிதான் படத்தைப் பற்றியவை: புள்ளி ஒன்றே ஒன்றாகவும் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டும் இருக்க வேண்டும்; மூளையின் நடுக்கோடு விலகியிருக்கலாகாது. மீதிப் பாதி நோயாளியைப் பற்றியவை: வலிப்பு வந்திருக்க வேண்டும்; மண்டைக்குள் அழுத்தம் மிகுந்ததற்கான குறிகள் இருக்கலாகாது; கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிவரலாகாது; உடலில் வேறெங்கும் காசநோய் போன்ற நோய் இருக்கலாகாது. அதாவது, படத்தைப் படிக்க வேண்டுமானால் கட்டிலில் கிடக்கும் மனிதனையும் படிக்க வேண்டும். கை தொட்டுப் பார்க்கவும், வாய் வினவவும், காது பொறுமையாகக் கேட்கவும் வேண்டும். இன்றைய எம்.ஆர்.ஐ. படங்களில் நீர்ப்பைக்குள் புழுவின் தலையே ஒரு புள்ளியாகத் தெரிவதுண்டு. அப்போதும் இந்நியதி மாறவில்லை.

பார்வை என்பது யாது?

கண் காண்பதை அறிவு திருத்த வேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் பார்வையை ஆராய்ந்தார். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவியவர் அவர். ஒளி வந்து விழுவதோடு பார்வை முடிந்துவிடுவதில்லை என்றும் அவர் விளக்கினார். மனம் தான் முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு, நொடிக்குள் முடிவு கட்டிவிடுகிறது. அது நிகழும் விரைவினால், முடிவு கட்டினோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. கண்டோம் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறோம். 1980-களின் வளையத்தில் நிகழ்ந்தது இதுவே. மருத்துவர்கள் காசநோயைக் ‘கண்டார்கள்’. உண்மையில் வளையத்தைக் கண்டார்கள், காசநோயை நினைத்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி அவர்களும் தம் அறிவுப் பயணத்தைக் கூறும் ‘அல்முன்கித்’ நூலில் இதே ஐயத்தை எழுப்புகின்றார்கள். கண்ணுக்கு விண்மீன் ஒரு பொற்காசளவே தெரிகிறது. கணித ஆதாரமோ அது பூமியினும் பெரிதென மெய்ப்பிக்கிறது. அப்படியாயின் புலன்களை எவ்வளவு நம்பலாம் என்பது அவர்களின் வினா. ஐயுறுதல் அவர்களுக்கு வீண் வாதமாக இருக்கவில்லை. உறுதியான அறிவுக்குச் செல்லும் வாயிலாக இருந்தது.

“நமக்கு எப்படி வந்தது?”

இந்நோயின் பெயரைக் கேட்டதும் நம்மவர் ஒருவருக்கு என்ன தோன்றும்? “பன்றி நாடாப்புழுவா? எங்கள் வீட்டில் அந்த இறைச்சி பெயரளவில்கூட நுழைந்ததில்லையே! மருத்துவர் தவறாகச் சொல்கிறார்” என்பார். சினமும் வரலாம், அவமானமும் வரலாம். இங்கே தவறாகப் பெயர் சூட்டுபவர் மருத்துவரல்லர், நாமே.

புழுவின் வாழ்க்கை இரண்டு வழிகளில் நடக்கிறது. நன்கு வேகாத பன்றி இறைச்சியை உண்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருக்கு வலிப்பு வராமலே இருக்கலாம். ஆனால் அவர் கழிக்கும் மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. திறந்த வெளியில் கழிக்கப்பட்ட அம்மலம் மண்ணிலும் நீரிலும் கலந்து, கீரையிலும் கழுவாத காயிலும் அழுக்குக் கையிலும் ஒட்டி, இன்னொருவர் வாய்க்குள் செல்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, சாகும் தறுவாயில் வலிப்பை எழுப்புகிறது. எனவே மூளையில் புழு இருப்பவர் இறைச்சி உண்டவராக இருக்க வேண்டியதில்லை. புலாலையே தொடாத சைவக் குடும்பங்களிலும் இந்நோய் உண்டு. பன்றி இறைச்சியை விலக்கும் யூதர்கள் நால்வருக்கு நியூயார்க் நகரில் இந்நோய் கண்டதாக 1992-இல் மருத்துவ ஏடு ஒன்றில் செய்தி வந்தது. வீட்டுப் பணியாளர்களில் யாரோ, தம்மையறியாமலே குடலில் நாடாப்புழுவைச் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று அங்கே தெளிந்தார்கள். அப்பணியாளரும் ஒரு நோயாளிதான் என்பதை மறக்கலாகாது. ஒரு மாத்திரையில் தீரக்கூடிய நோய் அது.

வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே ஆய்வு நடத்தி, 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, வலிப்பு நோய் உடையவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம். உணவில் ஹலாலைப் பேணுவது கடமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த தெருவில் கழிப்பறை இல்லாதிருப்பதை, ‘அது அவர்கள் பாடு’ என்று விட்டுவிட்டு, நம் வீட்டுத் தூய்மை நம்மைக் காக்கும் என்றிருக்க முடியாது. அண்டை வீட்டார்க்கு நேர்ந்த குறை நம் பிள்ளையின் தலைக்குள் வந்து தங்கக்கூடும் என்பதை அந்தச் சின்னஞ்சிறு வளையம் நமக்கு எடுத்துரைக்கிறது.

ஐயமும் நம்பிக்கையும்

“அப்படியானால் ஸ்கேனை நம்ப வேண்டாம் என்கிறீரோ?” எனச் சிலர் கேட்கலாம். அன்று. வேலூரில் பிழையைத் திருத்தியதும் ஸ்கேனின் துணையோடுதான். மனிதக் கண் கைவிட்டவரைக் கருவி கண்டுபிடித்ததும் உண்டு. சாலை விபத்துக்குப் பின் மாதக்கணக்கில் உணர்வற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணொருத்தியை, 2006-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, “டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்” என்றனர். நலமுள்ளவர்களின் மூளையில் எப்பகுதிக்கு இரத்தம் விரைந்ததோ, அதே பகுதிக்கு அவளுக்கும் விரைந்தது. கட்டிலருகே நின்றவர்கள் ‘இல்லை’ என்று முடிவு கட்டிய உணர்வு உள்ளே விழித்திருந்தது என்றார் ஓவன். அந்த ஒரு படம் அதற்குப் போதிய சான்றாகாது என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. இங்கும் படம் காட்டியது இரத்த ஓட்டத்தை. ‘உணர்வு’ என்பது மனிதர் சூட்டிய பெயர். ஆயினும், உணர்வற்றவர் என்று நாம் ஒதுக்கியவரின் அருகே இனி யாரும் கவனமின்றிப் பேசத் துணியமாட்டார்கள்.

மறுபுறம், எந்த நோயும் இல்லாதவர்கள், ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம்’ என்று மூளைக்குப் படம் எடுத்துக்கொள்வதும் பெருகியிருக்கிறது. ஹாலந்தின் ராட்டர்டாமில் பொதுமக்கள் 2,000 பேருடைய மூளைப் படங்களை ஆய்ந்து 2007-இல் வெளியிட்டனர். 100-க்கு 7 பேரிடம் தமக்கே தெரியாத பழைய இரத்த அடைப்பின் வடு இருந்தது. ஏறத்தாழ 2 பேரிடம் இரத்தக் குழாய்ப் புடைப்பு இருந்தது. அவர்கள் உண்டு உறங்கி வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். கண்டதைக் காணாததாக்க எவராலும் இயலாது. எனவே, இதைக் கண்டால் என்ன செய்யப் போகிறோம் என்ற வினாவுக்கு விடை வைத்துக்கொண்டே உள்ளே நோக்க வேண்டும்.

கண்டவனின் கடமை

தலைக்குள் கண்டது ஓர் அமானிதம். அதை ஒப்படைக்க வேண்டிய முதல் உரிமையாளர் நோயாளியே. மருத்துவர் “உறுதியாகத் தெரிகிறது”, “இப்படி இருக்கலாம்” என்னும் இரண்டையும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர். குடும்பத்தாரும், “இது படத்தில் தெரிவதா, தாங்கள் ஊகிப்பதா?” என்று பணிவோடு கேட்கலாம். அது மரியாதைக் குறைவாகாது. தளவானூர் போன்ற சிற்றூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறி வரும் தாய்க்கு, படம் அடங்கிய உறையைக் காட்டிலும் அதன் பொருளை அவள் மொழியில் சொல்லும் ஐந்து நிமிடம் பெரிது.

சுற்றத்தாருக்கும் கடமை உண்டு. வலிப்பு வந்த பெண்ணின் திருமணத்தைச் செல்லாததாக்க, இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இடமிருந்தது. 1999-இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீக்கிய சொல்லை நம் நாவுகள் இன்னும் நீக்கவில்லை. பெண் பார்க்க வருவோரிடம் மறைப்பதும், தெரிந்தபின் மணவிலக்குப் பேசுவதும், மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்கி இடையே நிறுத்திவிடுவதும் நம் வீடுகளிலும் நடப்பவையே. வலிப்பில் துடிப்பவன் கையில் இரும்பைத் திணிக்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சுக்கு வழிவிடுவதே வேண்டியது. தலையில் நேரும் நோய்க்குப் பேய் என்றும் சேட்டை என்றும் பெயர் சூட்டிச் சங்கிலியால் பிணைத்ததன் விளைவையும் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது தீ மட்டுமன்று. அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயரும்தான்.

காசநோய் என்ற பெயரைத் தவறென்று காட்ட வேலூர் மருத்துவர்களுக்குப் புதுக் கருவி ஏதும் தேவைப்படவில்லை. நுண்ணோக்கி பழைய பொருள். தங்களுக்கு முன் அனைவரும் சொன்னதை, தாங்களும் சொல்லி வந்ததை, மீண்டும் ஒருமுறை கேள்விக்குள்ளாக்கும் துணிவே தேவைப்பட்டது. அதன் பயனாக எத்தனையோ பிள்ளைகள் வேண்டாத மருந்திலிருந்தும் வேண்டாத அச்சத்திலிருந்தும் விடுபட்டார்கள். நாளை இன்னும் கூர்மையான படங்கள் வரும். கணிப்பொறியே அவற்றைப் படித்துப் பெயரும் சொல்லும். அப்போதும் “தீர விசாரித்தாயிற்றா?” என்று கேட்க ஒரு மனிதன் வேண்டும். அந்தக் கேள்வியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக.